மாலைத் திரையிடலில் அனிமேஷன் படங்களுக்கு விதித்த தடையை விலக்கிக்கொள்ளுங்கள்: நம் திரைப்படக் கழகத்தின் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தேர்வுக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

"அனிமேஷன் படங்கள் இனி மாலை நேர முதன்மைத் திரையிடலில் இடம்பெறா, கோடை விடுமுறைச் சிறார் திரையிடலில் மட்டுமே காட்டப்படும்." சென்ற மாதம் உறுப்பினர்களுக்கு வந்த சுற்றறிக்கையின் கடைசிப் பத்தியில் இந்த முடிவு இரண்டே வரியில் இருந்தது. அதற்குக் காரணமான படத்தைப் பரிந்துரைத்தவள் நான். பதினொரு ஆண்டுகளாக இக்கழகத்தின் உறுப்பினர். நடுநிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை. இந்த முடிவு குறித்து உங்களில் இருவரிடம் நேரில் பேசினேன், செயலாளரிடம் எழுத்திலும் கொடுத்தேன். இன்றுவரை பதில் இல்லாததால், மற்ற உறுப்பினர்களும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நான் பரிந்துரைத்தது ஜப்பானின் ஸ்டூடியோ ஜிப்லி என்ற அனிமேஷன் நிறுவனத்தில் இசாவோ தகாஹாதா இயக்கி 1991இல் வெளிவந்த படம். ஆங்கிலத்தில் அதற்கு 'ஒன்லி யெஸ்டர்டே' என்று பெயர். ஜப்பானியப் பெயரான 'ஒமொயிதே பொரொ பொரொ'வில் வரும் 'பொரொ பொரொ' என்பது துளித்துளியாக உதிர்வதைக் குறிக்கும் ஒலிக்குறிப்புச் சொல். நினைவுகள் பொலபொலவென்று உதிர்கின்றன என்று நாம் சொன்னால் அந்தப் பெயர் ஏறக்குறைய அப்படியே நம் மொழிக்கு வந்துவிடும். 1982ஆம் ஆண்டு, டோக்கியோவில் அலுவலக வேலை பார்க்கும் இருபத்தேழு வயதுத் தாயெகோ, பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, தன் அக்காவின் கணவருடைய உறவினர் வீட்டுக்கு, வடக்கே யமகாதாவின் கிராமப்புறத்துக்கு, பூப்பறிக்கும் வேலைக்காகப் போகிறாள். இந்தப் பயணம் முழுவதும், 1966இல் ஐந்தாம் வகுப்புப் படித்த பத்து வயதுத் தாயெகோ அவளுடன் சேர்ந்துகொள்கிறாள். கதை இவ்வளவுதான். மாயமோ பேசும் விலங்கோ வில்லனோ இதில் கிடையாது. திருமணம் ஆகாமல், செய்கிற வேலையில் பிடிப்பும் இல்லாமல் நிற்கும் ஒருத்தி தன் பத்தாவது வயதைத் திரும்பிப் பார்க்கும் படம் இது.

பரிந்துரைக் கடிதத்தில் இதையெல்லாம் எழுதி, சனிக்கிழமை மாலைக் காட்சிக்கு உரியது என்றும் குறிப்பிட்டிருந்தேன். நீங்கள் அதை ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குப் போட்டீர்கள். அறிவிப்புப் பலகையில் "குழந்தைகளுக்கான ஜப்பானிய கார்ட்டூன்" என்று எழுதியிருந்தது. கடிதத்தைப் படித்தவர் யாரும் அப்படி எழுதியிருக்க முடியாது.

அன்று நடந்ததை நான் கூடத்தின் பின்வரிசையிலிருந்து பார்த்தேன். முன்னால் விரித்த ஜமுக்காளத்தில் நாற்பது பிள்ளைகள் இருந்திருப்பார்கள். பாதிப் பேர் ஆறு, ஏழு வயதுக்காரர்கள். ஒலி ஜப்பானிய மொழியில், அடியில் ஓடும் எழுத்து ஆங்கிலத்தில். இருபது நிமிடத்துக்குள் சின்னவர்கள் தண்ணீர்ப் பானைக்கும் வாசலுக்கும் ஓடத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள்மேல் எந்தத் தவறும் இல்லை. அவர்களுக்காக எடுக்காத படத்தின் முன்னால் அவர்களை உட்கார வைத்ததுதான் தவறு. பிறகு, ஐந்தாம் வகுப்பு மாணவிகளைத் தனியே அழைத்து மாதவிடாயைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் காட்சி வந்தது. குழுவைச் சேர்ந்த ஒருவர் வேகமாக எழுந்து சென்று படத்தை நிறுத்தினார். விளக்குகள் எரிந்தன. காரணம் எதுவும் சொல்லாமல், துரத்தி ஓடும் பூனையும் எலியும் வரும் வேறொரு படம் போடப்பட்டது.

எட்டாம் வகுப்பில் என்னிடம் படிக்கும் ஒரு மாணவியும் அந்தக் கூடத்தில் இருந்தாள். மறுநாள் முதல் பாடவேளை முடிந்ததும் என் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏன் டீச்சர் நிறுத்தினாங்க? அந்தப் பொண்ணு ஏதாவது தப்பு பண்ணிடுச்சா?" என்று கேட்டாள். இந்த மடலில் நான் சொல்லப்போகும் எல்லாவற்றையும்விட அந்தக் கேள்விக்கே நீங்கள் முதலில் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் நீங்கள் நிறுத்திய இடம், படத்தில் அதே கேள்வி தொடங்கும் இடம். மாணவிகளிடம் தனியே சொன்னது மாணவர்களுக்குக் கசிகிறது. அவர்கள் கேலி செய்கிறார்கள். விளையாட்டு வகுப்பில் கலந்துகொள்ளாமல் உட்காரும் பெண்ணுக்கெல்லாம் 'அதுதான்' என்று முடிவு கட்டுகிறார்கள். சளி பிடித்திருப்பதால் ஒதுங்கி உட்கார வேண்டிய தாயெகோ, தன்னையும் அப்படி நினைத்துவிடுவார்களே என்று கூனிக் குறுகுகிறாள். அவளுடைய தோழி ரியே எந்தச் சங்கடமும் இல்லாமல், இது இயல்பு என்பதுபோல் பக்கத்தில் அமர்ந்திருக்கிறாள். ஒருத்தியின் கூச்சத்தையும் இன்னொருத்தியின் நிதானத்தையும் அருகருகே வைத்துக் காட்டிவிட்டு, உபதேசம் ஏதும் செய்யாமல் படம் நகர்ந்துவிடுகிறது. விலையில்லா அணையாடையை அரசே பள்ளிகளில் கொடுக்கும் மாநிலத்தில், அந்தக் காட்சியை எழுந்து ஓடி நிறுத்த வேண்டிய அவசரம் என்ன வந்தது? நிறுத்தியதன் மூலம் கூடத்திலிருந்த ஒவ்வொரு சிறுமிக்கும், இது பார்க்கக் கூடாதது, பேசக் கூடாதது என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்.

அதற்குப் பிறகும் அதை அந்த ஒரு நாளின் பிழையாக எடுத்துக்கொண்டிருப்பேன். நேரத்தைத் தவறாகக் குறித்தவர்களே, அதன் விளைவைக் காரணம் காட்டி, அந்த வகைப் படங்கள் அனைத்தையும் மாலைக் காட்சியிலிருந்து விலக்கியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளைகளுக்குப் பொருந்தாத படம் என்று அன்று கண்ணெதிரே பார்த்த பிறகு, இவ்வகைப் படங்கள் பிள்ளைகளுக்கு மட்டுமே என்று முடிவு எடுத்திருக்கிறீர்கள். இந்த முடிவின்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? இதே தகாஹாதா 1988இல் எடுத்த 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்', இரண்டாம் உலகப் போரின் முடிவையொட்டி அண்ணனும் தங்கையும் பட்டினியால் சாவதைக் காட்டும் படம். 2008இல் வந்த 'வால்ட்ஸ் வித் பஷீர்', லெபனான் போரில் இருந்த ஒரு சிப்பாய் தன் நினைவிலிருந்து அழிந்துபோன படுகொலையைத் தேடிப் போகும் படம். உங்கள் சுற்றறிக்கைப்படி இவை இரண்டும் கோடை விடுமுறையில் ஜமுக்காளத்தில் உட்காரும் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். எனக்கும் உங்களுக்கும் காட்டப்பட மாட்டா.

உங்களில் ஒருவர் என்னிடம் நேரில் கேட்ட கேள்விக்கு விரிவாகவே பதில் எழுத விரும்புகிறேன், ஏனெனில் அது நேர்மையான கேள்வி. "இவ்வளவு இயல்பான கதைதானே அம்மா, இதைக் கேமராவிலேயே எடுத்திருக்கலாமே, எதற்குப் படம் வரைய வேண்டும்?" என்று கேட்டார். அன்று கூடத்தில் நின்றபடி என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

இந்தப் படத்தில் இரண்டு விதமான ஓவியம் இருக்கிறது. 1982இல் நடக்கும் காட்சிகள் விளிம்புவரை முழுமையாகத் தீட்டப்பட்டவை: வயலின் பச்சை, மலையின் மூட்டம், மழையில் நனையும் தார்ச்சாலை எல்லாம் திரையின் நான்கு ஓரமும் நிறைந்து நிற்கும். 1966இன் காட்சிகளோ வெளிறிய நீர்வண்ணத்தில் இருக்கும். நடுவில் வீடும் மேசையும் மனிதர்களும் இருக்க, ஓரங்களுக்குப் போகப் போக நிறம் கரைந்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். நம் நினைவு அப்படித்தான் இருக்கிறது. என் மூன்றாம் வகுப்பு ஆசிரியையின் கையும் அதிலிருந்த சுண்ணாம்புக்கட்டியும் எனக்குத் துல்லியமாகத் தெரிகின்றன; அவருக்குப் பின்னால் ஜன்னல் இருந்ததா சுவர் இருந்ததா என்று கேட்டால் தெரியாது. கேமராவின் முன்னால் எதை வைத்தாலும் அதன் பின்னணியும் சேர்ந்தே பதிவாகும். நினைவில் இல்லாத பகுதியை இல்லாததாகவே விட்டுவைக்க, வரைகிறவரின் கைக்குத்தான் முடியும். கலை இயக்குநர் கஸுவோ ஓகாவின் குழு அந்த வெள்ளையை அளந்து விட்டிருக்கிறது.

பெரியவளான தாயெகோவின் முகத்துக்கு வருகிறேன். ஜப்பானிய அனிமேஷனில் முதலில் வரைந்து முடித்துப் பிறகு குரல் சேர்ப்பதே வழக்கம். தகாஹாதா இப்படத்தின் 1982ஆம் ஆண்டுப் பகுதிக்கு அதை மாற்றினார். தாயெகோவுக்குக் குரல் கொடுத்த மிகி இமாயும், கிராமத்தில் அவள் பழகும் இளைஞன் தோஷியோவுக்குக் குரல் கொடுத்த தோஷிரோ யனகிபாவும் முதலில் பேசினார்கள். அந்தப் பேச்சின் இழுப்புக்கும் நிறுத்தத்துக்கும் ஏற்ப உதடும் கன்னமும் வரையப்பட்டன. அதனால்தான் அவள் சிரிக்கும்போது கன்னத்தில் கோடு விழுகிறது. அந்தக் கோடு அவளை வயதானவளாகக் காட்டுகிறது என்று சிலர் குறை சொல்வதுண்டு. எனக்கு அது நேர் எதிராகப் பட்டது. அனிமேஷனில் வரும் இளம்பெண்ணின் முகம் எப்போதும் மழமழவென்று இருந்தே பழகிய கண்ணுக்கு, தசை உள்ள ஒரு முகத்தை முதன்முதலாகப் பார்த்தது போல் இருந்தது. பத்து வயது முகத்தில் அந்தக் கோடு கிடையாது. இருபத்தேழுக்கும் பத்துக்கும் இடையே கழிந்த காலம் அந்த ஒரு கோட்டில் இருக்கிறது. இரண்டு வெவ்வேறு நடிகையரை வைத்து எடுத்தால், இவளேதான் அவள் என்று நாம் நம்பித்தான் ஆக வேண்டும். இங்கே ஒரே முகம் வளர்ந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது.

பக்கத்து வகுப்பில் பந்து விளையாட்டில் கெட்டிக்காரனான ஹிரோதா என்ற பையனுக்குத் தாயெகோவைப் பிடிக்கும் என்று ஊர் முழுக்கப் பேச்சு. இருவரும் தெருமுனையில் தனியே எதிர்ப்படுகிறார்கள். மழை நாள், மேகம் சூழ்ந்த நாள், வெயில் நாள் இவற்றில் எது பிடிக்கும் என்று அவன் கேட்கிறான். மேகம் சூழ்ந்த நாள் என்கிறாள் அவள். எனக்கும் அதேதான் என்று சொல்லிவிட்டு அவன் ஓடிவிடுகிறான். அவர்களுக்குள் நடக்கும் பேச்சு அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் தெருவிலிருந்து காற்றில் படியேறி வானத்தில் நீந்துகிறாள். இரண்டு மணி நேரப் படத்தில் ஓவியம் தன் சுதந்திரத்தை இவ்வளவு வெளிப்படையாக எடுத்துக்கொள்ளும் தருணங்கள் மிகச் சில. மற்ற நேரமெல்லாம் அது மண்ணில் கால் ஊன்றி நிற்பதால்தான், அவள் மேலே ஏறும்போது நம் அடிவயிறு குளிர்கிறது.

அன்னாசிப் பழம் வரும் காட்சியை நீங்கள் யாரும் கவனித்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சொல்கிறேன். 1966இன் டோக்கியோவில் புதிய அன்னாசி அரிய பொருள். அப்பா கின்சா கடைத்தெருவிலிருந்து ஒன்று வாங்கி வருகிறார். அதை எப்படி வெட்டுவது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சில நாள் கழித்து, வெட்டும் விதத்தை அக்கா கேட்டு வந்த பிறகு, எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார, அம்மா கத்தியை எடுக்கிறாள். வீடெல்லாம் மணம் பரவுகிறது. ஆளுக்கொரு துண்டு. மெல்லும் சத்தம் மட்டும் கேட்கிறது. கடினமாக இருக்கிறது, எதிர்பார்த்த இனிப்பு இல்லை. அந்த ஏமாற்றத்தை யாரும் முதலில் வாய்விட்டுச் சொல்ல விரும்பாத சில நொடிகளை இயக்குநர் அப்படியே ஓட விடுகிறார். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் பங்கை ஒதுக்க, கேட்டு வாங்க வைத்தவள் என்ற பொறுப்பில், தாயெகோ மட்டும் தன் துண்டை விடாமல் மென்று தின்கிறாள். ஆசைப்பட்டது கைக்கு வந்தபின் அதைப் பிடித்திருப்பதாகக் காட்டிக்கொள்ளும் அந்த மெல்லலை ஆறு வயதுப் பிள்ளையால் புரிந்துகொள்ள இயலாது. நமக்குப் புரியும், மாலைக் காட்சிக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் புரியும்.

கணக்கு ஆசிரியை என்பதால் இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். கணக்கில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கிய தாயெகோவுக்கு, இரண்டாவது அக்கா யாயெகோ பின்ன வகுத்தல் சொல்லிக்கொடுக்க உட்காருகிறாள். மூன்றில் இரண்டை நான்கில் ஒன்றால் வகுக்க வேண்டும். தலைகீழாக்கிப் பெருக்கு, அவ்வளவுதான் என்கிறாள் அக்கா. தாயெகோ ஓர் ஆப்பிளை வரைந்து, அதில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்து நான்காக வெட்டுகிறாள். ஆளுக்கு ஆறில் ஒன்று வருகிறது. அது பெருக்கல் என்று அக்கா எரிந்து விழுகிறாள். மூன்றில் இரண்டு ஆப்பிளை நான்கில் ஒன்றால் வகுப்பது என்றால் என்ன என்ற அவளுடைய கேள்விக்கு அந்த வீட்டில் பதில் இல்லை. அவளுக்கு அறிவு குறைவோ என்றுதான் கவலைப்படுகிறார்கள். கேள்வி கேட்காமல் தலைகீழாக்கிப் பெருக்கியவர்கள் பிற்பாடு வாழ்க்கையிலும் தடங்கல் இல்லாமல் போய்விட்டார்கள் என்று, வளர்ந்த தாயெகோ நினைத்துப் பார்க்கிறாள்.

பத்தொன்பது ஆண்டுகளாக நானும் அந்த அக்காவாகவே இருந்திருக்கிறேன். படம் பார்த்த அடுத்த வாரம் வகுப்பில் காகித வட்டங்களை வெட்டிக் கொடுத்து, மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளச் சொல்லி, அதற்குள் எத்தனை கால் துண்டுகள் அடங்கும் என்று அடுக்கிப் பார்க்கச் சொன்னேன். கரும்பலகைப் பக்கமே திரும்பாத ஒரு பிள்ளை, துண்டுகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டேமுக்கால் மாதிரி வருது டீச்சர், ஆனா முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி" என்றாள். சரியான விடை இரண்டும் மூன்றில் இரண்டும். வாய்பாட்டைத் தொடாமல், கண்ணால் அளந்தே அவள் அந்த இடத்துக்கு வந்துவிட்டாள். என் பாடம் நடத்தும் முறையையே ஒரு படம் மாற்றியிருக்கிறது. அதைக் 'கார்ட்டூன்' என்ற சொல்லுக்குள் தள்ளி மூடுவதை நான் எப்படி ஒத்துக்கொள்வேன்?

படம் நிறுத்தப்பட்ட இரண்டு வாரத்துக்குப் பிறகு, பார்க்க விரும்பிய எட்டு உறுப்பினர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். சந்தா கட்டிய இணையத் தளத்தில் முழுப் படத்தையும் பார்த்தோம். அவர்களில் ஒருவர் அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றவர், எழுபதைக் கடந்தவர், "பொம்மைப் படத்துக்கு நான் எதுக்கும்மா" என்று சொல்லியபடியே வந்து உட்கார்ந்தார். வெளியே சாப்பிடப் போகும் நாளில் கைப்பைக்காக அடம்பிடித்த தாயெகோ, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயத்தில் காலணி இல்லாமல் வாசலுக்கு ஓடி வர, அப்பா அவளை அறையும் காட்சி இதில் உண்டு. அவர் தன்னை அடித்தது அந்த ஒரே ஒரு முறைதான், ஏன் அன்றைக்கு மட்டும் என்று இருபத்தேழு வயதிலும் அவளுக்கு விடை தெரியவில்லை. படம் முடிந்து காபி கொடுத்தபோது அந்தப் பெரியவர் டம்ளரைக் கையில் வைத்தபடியே, "எங்கப்பாவும் ஒரே தடவைதாம்மா அடிச்சார். திண்ணையில வச்சு. எதுக்குன்னு கடைசிவரை கேக்கல" என்றார். பிறகு காபி ஆறும்வரை அதைக் குடிக்கவில்லை. அன்று எங்கள் பேச்சு இரவு பத்தரைவரை நீண்டது. நம் கழகத்தின் திரையிடலுக்குப் பிறகான கலந்துரையாடல் அண்மைக் காலத்தில் அவ்வளவு நேரம் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

கிராமப் பகுதியைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் விவசாயப் பின்னணி கொண்ட உறுப்பினர்கள் நம்மில் நிறைய இருக்கிறார்கள். தாயெகோ பறிக்கப் போவது குசும்பப்பூ. தமிழில் செந்துருக்கம் என்றும் சொல்லும் பூ. முள் உள்ள செடி என்பதால், பனியில் முள் இளகியிருக்கும் விடியற்காலையிலேயே பறித்துவிட வேண்டும். பறித்ததைக் கழுவி, மிதித்து, புளிக்க வைத்து, பிழிந்து, வில்லையாகத் தட்டிக் காயவைக்கும் வேலை முழுவதும் படத்தில் பொறுமையாக வருகிறது. வெறுங்கையால் அந்தப் பூவைப் பறித்த முற்காலத்து ஏழைப் பெண்களின் உதட்டில் அந்தச் சிவப்பு ஒருநாளும் ஏறியதில்லை என்று தாயெகோ நினைத்துக்கொள்கிறாள். அலுவலக வேலையை விட்டுவிட்டு இயற்கை வேளாண்மைக்கு வந்த தோஷியோ, நகரத்தார் இயற்கை என்று வியக்கும் காடும் ஓடையும் வயலும், தலைமுறை தலைமுறையாக மனிதர் மண்ணோடு சேர்ந்து உண்டாக்கியவை என்று அவளுக்குச் சொல்கிறான். இந்தப் பேச்சைக் கேட்க வேண்டியவர்கள் சனிக்கிழமை மாலைகளில் நம் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இவ்வளவு அமைதியான படத்துக்கு ஆள் வராது என்று நீங்கள் கருதியிருக்கலாம். 1991இல் ஜப்பானில் வெளியான உள்நாட்டுப் படங்களில் அதிக வசூல் பெற்றது இதுதான். ஆனால் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு அது முறையாக வந்தது 2016இல். இருபத்தைந்து ஆண்டுக் காத்திருப்பு. பெரியவர்களுக்கான அனிமேஷனை எங்கே வைப்பது என்ற குழப்பம் பெரிய சந்தைகளுக்கே இருந்திருக்கிறது. சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் 1947இல் கல்கத்தாவில் திரைப்படக் கழகம் தொடங்கியது, சந்தைக்கு எங்கே வைப்பதென்று தெரியாத படங்களுக்கு ஓர் இடம் கொடுக்கத்தான். அந்த வழியில் வந்த நாமும் சந்தையின் பெட்டிகளையே கடன் வாங்கினால், உறுப்பினர் கட்டணம் கட்டி நம்மிடம் வருகிறவர்கள் எங்கே போய்ப் பார்ப்பார்கள்?

ஆகவே என் கோரிக்கைகளை வைக்கிறேன்.

அனிமேஷன் படங்களை மாலைத் திரையிடலிலிருந்து விலக்கிய முடிவை அடுத்த செயற்குழுக் கூட்டத்திலேயே திரும்பப் பெற வேண்டும். படங்களைப் பிரிப்பதானால், வரைந்ததா எடுத்ததா என்று பார்க்காமல், எந்த வயதினருக்கு உரியது என்று பார்த்துப் பிரியுங்கள். ஏழு, பதின்மூன்று, பதினாறு என வயது குறிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முறை 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் நாட்டிலேயே வந்துவிட்டது. நம் அறிவிப்புப் பலகையில் அதைப் பின்பற்ற ஒரு தடையும் இல்லை. எந்தப் படத்தையும் குழுவில் குறைந்தது இருவராவது முழுமையாகப் பார்த்த பிறகே நேரம் குறிக்க வேண்டும்.

இந்தப் படத்தை உரிய அனுமதியுடன் ஒரு சனிக்கிழமை மாலையில், எந்தக் காட்சியையும் நீக்காமல் மறுபடி திரையிட வேண்டும். முடிவில் பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியதும் விளக்கைப் போடும் நம் வழக்கத்தை அன்று கண்டிப்பாகக் கைவிட வேண்டும். ஊருக்குத் திரும்பும் ரயிலில் உட்கார்ந்துவிட்ட தாயெகோ என்ன செய்கிறாள் என்பதும், பத்து வயதுத் தாயெகோவும் அவளுடைய வகுப்புப் பிள்ளைகளும் அந்தப் பெட்டிக்குள் எப்படி வருகிறார்கள் என்பதும், அந்தப் பெயர்ப் பட்டியலுக்கு அடியில், ஹாருமி மியாகோவின் பாட்டோடுதான் நடக்கின்றன. அங்கே விளக்கைப் போட்டால் படத்தின் முடிவையே பறித்துவிடுவீர்கள். ஆங்கில எழுத்தைத் தொடர முடியாதவர்களுக்காக, காட்சி வாரியாகத் தமிழ்க் குறிப்பேடு ஒன்றை என் செலவில் தயாரித்துத் தருகிறேன். பாதி எழுதி முடித்துவிட்டேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை வந்திருந்த பிள்ளைகளிடம், குறிப்பாகச் சிறுமிகளிடம், படம் ஏன் நிறுத்தப்பட்டது என்பதைக் குழுவின் சார்பில் ஒருவர் அடுத்த சிறார் திரையிடலின் தொடக்கத்தில் சொல்ல வேண்டும். அந்தப் பெண் எந்தத் தப்பும் செய்யவில்லை, நேரம் குறித்ததில் நாங்கள்தான் தவறிவிட்டோம் என்ற ஒரு வாக்கியம் போதும். என் மாணவியையும் அன்று நான் அழைத்து வருகிறேன்.

இவற்றுக்கான உங்கள் பதிலை எழுத்து வடிவில், ஆண்டுப் பொதுக்குழுவுக்கு முன்பாகத் தர வேண்டுகிறேன். பதில் வராவிட்டால், இந்த மடலையே பொதுக்குழுவில் தீர்மானமாக முன்வைக்க, அன்று என் வீட்டில் படம் பார்த்த எட்டுப் பேரும் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கழகத்தின் உறுப்பினரான ஒரு கணக்கு ஆசிரியை